பெயருக்கு முன்னால் வந்த சொல்

1605-ஆம் ஆண்டு மத்ரீத் நகரில் அச்சான ஒரு புத்தகத்தின் முகப்புப் பக்கம் எனக்கு மனப்பாடம். முதல் வரியில் இரண்டே சொற்கள்: 'எல் இன்ஹெனியோஸோ'. பக்கத்திலேயே பெரிய எழுத்து அதற்குத்தான். இரண்டாவது வரி அதைவிடச் சின்ன எழுத்தில் 'இதால்கோ தோன் கி' என்று போகிறது. இடம் போதவில்லை. ஓரத்தில் ஒரு சிறு கோடு. மிச்சம் மூன்றாவது வரிக்கு இறங்கி 'ஹோத்தே தெ லா மாஞ்சா' என்று முடிகிறது. கதாநாயகனின் பெயரையே இரண்டாக உடைத்துப் போட்டிருக்கிறார் அச்சுக்கோத்தவர்! பிற்பாடு உலகமே தெரிந்துகொண்ட பெயர் அது, டான் கிஹோத்தே. அதை உடைக்கத் துணிந்த கை, முன்னால் நின்ற பெயரடையைத் தொடவில்லை. அதை முழுசாக, நிமிர்த்தி, தலைமாட்டில் உட்கார வைத்திருக்கிறது.

'எல்' என்பது ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. அதைத் தள்ளிவிட்டால் நிற்பது ஒரே சொல். இன்ஹெனியோஸோ. ஒருவருடைய மூளையைப் பார்த்து அசந்துபோய்ச் சொல்கிற சொல். அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டு போனதுதான் கடந்த ஆறு வருடத்தில் எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷம். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அகராதி புரட்டியிருக்கிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு துள்ளுகிறது.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் ஸ்பானிஷ் ஆசிரியை. வகுப்பில் அவரை 'ப்ரோஃபே' என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகள் வாத்தியாரைக் கூப்பிடுவது அப்படித்தானாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த முகப்புப் பக்கத்தின் ஜெராக்ஸை ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "இந்தத் தலைப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு வாரம் தருகிறேன்" என்றார். மூன்று வரிக்கு ஒரு வாரமா என்று எங்களுக்கு ஆச்சரியம்.

அடுத்த வெள்ளி பதினோரு பேர் வந்தோம். ப்ரோஃபே எல்லோருடைய சொல்லையும் பலகையில் எழுதினார். கிளெவர், பிரில்லியன்ட், கிஃப்டட், இன்வென்டிவ், இரண்டு பேர் ஜீனியஸ், நான்கைந்து பேர் இன்ஜீனியஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். "கிளெவரான ஆள் காற்றாலையை அரக்கன் என்று நினைத்து ஈட்டியை நீட்டிக்கொண்டு பாய்வாரா? ஜீனியஸ் என்றால் இவர் என்ன கண்டுபிடித்தார்? ஐம்பதை நெருங்குகிற வயது. கிராமத்தில் கொஞ்சம் நிலம். அதிலும் நிறைய விற்றுப் புத்தகம் வாங்கியவர்." கடைசியில் இன்ஜீனியஸ் பக்கம் வந்தார். "இது சரிதான். அகராதி இதைத்தான் சொல்லும். பெரிய பெரிய மொழிபெயர்ப்பாளர்கள் இதைத்தான் போட்டார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். யார் தெரிகிறார்கள்?"

கண்ணை மூடினேன். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செடிக்குச் சொட்டுநீர் விடுகிற ஆள் ஒருவர் தெரிந்தார். சைக்கிள் சக்கரத்தில் கிணற்று மோட்டாரை ஓட்டுகிறவர் தெரிந்தார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களில் யாரும் டான் கிஹோத்தே இல்லை.

அன்றைக்குப் பிடித்த பித்து இது.

முதலில் எனக்குக் கிடைத்த புதையல் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே இருந்தது. அந்தக் காலத்து ஸ்பெயினில் ஒரு நூலை அச்சிட அரசரின் அனுமதி வேண்டும். விலையையும் அரசு அலுவலர்தான் நிர்ணயிப்பார். அந்தச் சான்றுகளை நூலின் முன்பக்கங்களில் சேர்த்தே அச்சிடுவார்கள். பலரும் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிற பக்கங்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அரசர் தந்த உரிமை 1604 செப்டம்பர் 26-ஆம் தேதி. விலைச் சான்று அதே வருடம் டிசம்பர் 20. 83 தாள்மடி, மடிக்கு மூன்றரை மரவேதிக் காசு, மொத்தம் 290 மரவேதியும் அரையும் என்று காய்கறிக் கணக்குப் போல எழுதியிருக்கிறது. அந்தச் சான்றுகளில் புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? 'லா மாஞ்சாவின் இன்ஹெனியோஸோ இதால்கோ', அவ்வளவுதான். டான் கிஹோத்தே என்ற பெயரே இல்லை! அரசாங்கக் காகிதத்தில் நாயகனுக்குப் பெயர் ஏறுவதற்கு முன்பே பெயரடை ஏறிவிட்டது. அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1614-இல் அவெயானேதா என்ற புனைபெயரில் ஒருவர், நாவலை எழுதிய செர்வாண்டெஸை முந்திக்கொண்டு போலி இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிட்டார். அவர்கூடத் தலைப்பில் 'இன்ஹெனியோஸோ'வை விடாமல் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு செர்வாண்டெஸ் தன்னுடைய அசல் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தபோது இதால்கோவைத் தூக்கிவிட்டு கபயேரோ என்று போட்டார். இதால்கோ என்றால் சிறு நில உடைமையுள்ள கீழ்ப்படி உயர்குடி. கபயேரோ என்றால் பட்டம் பெற்ற வீரர். நாயகனின் அந்தஸ்து மாறிவிட்டது. பெயரடை மாறவில்லை.

சரி, அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு என்ன பொருள்? அங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

1575-இல் தெற்கு ஸ்பெயினின் பாயேசா ஊரில் ஹுவான் ஹுவார்த்தே என்ற மருத்துவர் ஒரு நூல் எழுதினார். 'எக்ஸாமென் தெ இன்ஹெனியோஸ்'. இன்ஹெனியோ என்ற பெயர்ச்சொல்லிலிருந்துதான் நம் பெயரடை பிறக்கிறது. பிறக்கும்போதே மூளைக்கு வாய்த்த திறம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த மாதிரி மூளைக்கு எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று ஆராய்கிறார் ஹுவார்த்தே. அவர் கணக்கில் நினைவாற்றலுக்கு ஈரம் வேண்டும். அதனால்தான் குழந்தைகளுக்கு எதுவும் சட்டென்று மனப்பாடம் ஆகிறது. பகுத்தறிவுக்கு வறட்சி வேண்டும். கற்பனைக்கு வேண்டியது சூடு. மூளையில் சூடும் வறட்சியும் ஏற ஏறக் கற்பனை பெருகும், பேச்சு பெருகும், மனிதன் இன்ஹெனியோஸோ ஆவான். அதே சூடு ஒரு கோடு தாண்டினால் பைத்தியம்.

இப்போது டான் கிஹோத்தே முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். அந்த மனிதர் ராத்திரி பகலாக வீரக் கதைகளைப் படிக்கிறார். தூக்கம் இல்லை. படிப்பு மட்டும்தான். அப்படிப் படித்துப் படித்து அவருடைய மூளை வற்றிப்போய்விட்டது என்கிறார் செர்வாண்டெஸ். வற்றிப்போய்விட்டது! இத்தனை நாளும் அதை நான் ஒரு வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக் கடந்திருந்தேன். அது நோய்க்குறிப்பு. சொல்லப்போனால் முன்னுரையிலேயே செர்வாண்டெஸ் ஜாடை காட்டிவிடுகிறார். தன்னுடைய இன்ஹெனியோ விளையாத நிலம் என்கிறார். அதில் பிறந்த பிள்ளை உலர்ந்து சுருங்கினவன், மனம்போன போக்குக்காரன் என்கிறார். அந்த 'உலர்ந்த' என்ற சொல் சும்மா வந்து விழவில்லை. ஸ்பெயின்காரர் ரஃபேல் சலில்லாஸ், ஹுவார்த்தேதான் செர்வாண்டெஸுக்கு ஊற்று என்று 1905-இலேயே தனி நூல் எழுதியிருக்கிறார். அதைப் பற்றித் தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரவசம்.

தமிழ்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க விளக்கமே வேண்டாம். பரீட்சை நேரத்தில் கண்விழித்துப் படித்த எந்தப் பிள்ளைக்கும் வீட்டில் விழுந்த திட்டு இது. "ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிக்காதடா, உடம்பு சூடாயிடும், கண்ணெல்லாம் எரியும். சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி!" என் அம்மா சொன்னது அப்படியே ஹுவார்த்தே. படிப்பு சூடு, தூக்கம் குளிர்ச்சி, எண்ணெய் வறட்சிக்கு மருந்து. அந்த லா மாஞ்சாக்காரருக்கு உச்சந்தலையில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் நாவலே கிடையாது! இன்றைய லண்டன் வாசகருக்கு அடிக்குறிப்புப் போட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று, நம் வீட்டு எண்ணெய்க் கிண்ணத்தில் இருக்கிறது. இது தெரிந்தபோது இந்த நூல் எனக்காகவே எழுதப்பட்டது போல ஒரு நெருக்கம் வந்தது.

ஹுவார்த்தே ஒரு சம்பவமும் சொல்கிறார். ஒரு பெரும் பிரபுவின் வீட்டில் ஏவலாள் ஒருவன். சாதாரண நாளில் மந்தமான பையன். புத்தி பேதலித்தபோது, தானே ஒரு நாட்டை ஆளுகிறவன் என்று நினைத்துக்கொண்டு, அரசு நடத்துவது பற்றி அற்புதமாகப் பேச ஆரம்பித்தான். கேட்க ஆட்கள் திரண்டார்கள். எஜமானருக்கு அவன் குணமாகிவிடக் கூடாதே என்று கவலை. மருத்துவம் பார்த்துக் குணமாக்கினார்கள். அவனோ, குணமானதைவிடப் பெரிய துக்கம் தனக்கு வந்ததில்லை என்று வருந்தினானாம். இதைப் படித்துவிட்டு டான் கிஹோத்தேவின் உரைகளைப் படித்தால் உடம்பு சிலிர்க்கிறது. வாளா ஏடா எது உயர்ந்தது என்று விடுதியில் உட்கார்ந்து அவர் பேசுகிறார், கேட்பவர்கள் வாயடைத்துப்போகிறார்கள், அதே மூச்சில் அவருக்காக வருந்துகிறார்கள். வியப்பும் இரக்கமும் ஒரே நேரத்தில். அந்த இரண்டையும் சேர்த்துச் சுமக்கிற பெயரடைதான் தலைப்பில் இருக்கிறது. ஒருவரை மெச்சுகிற சொல்லுக்குள்ளேயே அவர் பைத்தியமான காரணமும் இருக்கிறது. எந்த மொழியில் இப்படி ஒரு பாராட்டு வாய்க்கும்!

அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன முதல் மனிதர் தாமஸ் ஷெல்டன். அவர் பெயரைச் சொன்னாலே எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அயர்லாந்துக்காரர். பிரஸ்ஸல்ஸில் 1607-இல் வந்த ஸ்பானிஷ் பதிப்பை வைத்துக்கொண்டு, ஒரு நண்பர் ஆசைப்பட்டார் என்பதற்காக, முதல் பாகம் முழுவதையும் நாற்பதே நாளில் ஆங்கிலமாக்கினேன் என்று காணிக்கை உரையில் சொல்கிறார். நாற்பது நாள்! அதைச் சில வருடம் மூலையில் போட்டு வைத்திருந்து, 1612-இல்தான் லண்டனில் அச்சேற்றினார்கள். வெளியிட்டவர்களில் ஒருவர் எட்வர்ட் பிளவுன்ட். பதினோரு வருடம் கழித்து ஷேக்ஸ்பியரின் நாடகங்களை முதல் பெருந்தொகுப்பாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அவரே. ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த லண்டனில் அந்தப் புத்தகம் விற்பனைக்கு இருந்தது.

ஷெல்டன் வைத்த தலைப்பில் நம் சொல்லுக்கு நேராக இருப்பது 'விட்டி'. முன்னால் 'வேலரஸ்', அதாவது வீரமிகு, என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். இதால்கோவை வீரராக்கிவிட்டார். அதையெல்லாம் விடுங்கள். 'விட்டி'யைப் பாருங்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது பலர் முகம் சுளித்தார்கள். விட்டி என்றால் இன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து நறுக்கென்று ஜோக் அடிக்கிறவர். டான் கிஹோத்தே ஜோக் அடிக்கிறவர் இல்லையே? ப்ரோஃபே ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஜெராக்ஸை நீட்டினார். ஹுவார்த்தேயின் அதே நூல் 1594-இல் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது, ரிச்சர்ட் கேர்யூ என்பவர் இத்தாலிய வழியாகச் செய்தது. அதில் 'இன்ஹெனியோஸ்' என்பதற்கு அவர் போட்ட சொல் 'விட்ஸ்'. மூளையின் திறம், அறியும் ஆற்றல், கற்பனை, எல்லாம் சேர்ந்தது அன்றைய 'விட்'. ஷெல்டன் எழுதிய நாளில் விட்டி என்றால் மூளை பிரகாசமாக எரிகிறவர். அது குறி தப்பாத அம்பு! 1612-இல் லண்டன் கடையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தவருக்கு, ஸ்பெயின் வாசகர் மத்ரீதில் கேட்ட அதே மணி ஒலித்திருக்கும். ஷெல்டன் தப்பு செய்யவே இல்லை. சொல்தான் பிற்பாடு நகர்ந்து போய்விட்டது.

இதே ஹுவார்த்தேயை 1752-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் லெஸ்ஸிங். அவர் 'இன்ஹெனியோஸ்' என்பதற்கு 'தலைகள்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். 'அவனுக்குத் தலையில் ஒன்றும் இல்லை' என்று நாம் சொல்வோமே, அந்தத் தலை. ஒரே சொல் லண்டனில் 'விட்' ஆகி, ஜெர்மனியில் தலையாகி நிற்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு தனி விருந்து.

ஷெல்டனுக்குப் பிறகு வந்தவர்களில் ஒரு கூட்டம் இந்தச் சொல்லைக் கைகழுவியது. 1687-இல் ஜான் பிலிப்ஸ், 1700-இல் மோட்டோ, 1755-இல் நாவலாசிரியர் ஸ்மாலெட். மூவரும் 'ரினௌண்ட்' என்று போட்டார்கள். புகழ்பெற்ற. எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. புகழ் என்பது ஊர் தருவது. இன்ஹெனியோ உள்ளே இருப்பது. கதை தொடங்கும்போது அந்த மனிதரைப் பக்கத்து ஊரில்கூடத் தெரியாது. பெயரையே அப்போதுதான் எட்டு நாள் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொள்கிறார்.

'இன்ஜீனியஸ்' என்பதைத் தலைப்பில் உட்கார வைத்தவர் சார்லஸ் ஜெர்வஸ். அவர் எழுத்தாளரே இல்லை, ஓவியர்! இங்கிலாந்து அரசருக்கு முதன்மை ஓவியராக இருந்தவர். கவிஞர் அலெக்ஸாண்டர் போப்புக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர். 1739-இல் அவர் இறந்து, மூன்று வருடம் கழித்துத்தான் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் அவர் பெயரை ஜார்விஸ் என்று தப்பாக அச்சிட்டு, இன்றுவரை அது 'ஜார்விஸ் மொழிபெயர்ப்பு' என்றே வழங்குகிறது. ஒரு ஓவியர் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சொல் இது. அன்றைக்கு 'இன்ஜீனியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லிலும் உயர்ந்த மூளை என்ற வாசம் நன்றாகவே இருந்தது. அதனால் அவரையும் வணங்குகிறேன். 1885-இல் ஜான் ஆர்ம்ஸ்பி, 1949-இல் சாமுவேல் புட்னம், 2000-இல் ஜான் ரூதர்ஃபோர்ட் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ரூதர்ஃபோர்ட் ஒரு படி மேலே போய் 'ஜென்டில்மேன்' என்பதை எடுத்துவிட்டு இதால்கோவை இதால்கோவாகவே விட்டுவிட்டார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2003-இல் வந்த எடித் கிராஸ்மனின் மொழிபெயர்ப்பு படிக்கத் தேன். ஆனால் அட்டையில் வெறும் 'டான் கிஹோத்தே'. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் பெரிய எழுத்து இருந்த இடத்தைக் கண் தேடுகிறது.

நான் ஷெல்டன் கட்சி. இதை யாரோடு வேண்டுமானாலும் வாதாடுவேன். 'இன்ஜீனியஸ்' உறவுமுறையால் சரி. லத்தீனின் 'இன்ஜேனியம்' இரண்டுக்கும் தாய். ஆனால் அது கை வேலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. நாவல் முழுவதிலும் இன்றைய பொருளில் அந்தச் சொல் பொருந்துகிற இடம் ஒன்று முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. பழைய தலைக்கவசத்துக்கு முகமறைப்பு இல்லை என்று அட்டையை வெட்டி ஒட்டி ஒன்று செய்கிறார். வலு இருக்கிறதா என்று வாளால் இரண்டு போடு போடுகிறார். ஒரு வாரத்து உழைப்பு முதல் வெட்டிலேயே போச்சு. மறுபடி செய்து, உள்ளே இரும்புப் பட்டை வைத்துக் கட்டுகிறார். இந்த முறை சோதித்துப் பார்க்கவில்லை. இதைவிட உசத்தியான முகமறைப்பு இல்லை என்று நம்பிவிடுகிறார். அட்டையை வெட்டினவரை 'இன்ஜீனியஸ்' என்று சொல்லலாம். இரண்டாவது முறை வெட்டிப் பார்க்காமல் நம்பினாரே, அந்த மனிதருக்குத்தான் இன்ஹெனியோஸோ என்று பெயர். நாவிதரின் பித்தளைத் தட்டு பிற்பாடு அவர் கண்ணில் மம்ப்ரீனோவின் பொற்கவசமாக மின்னப்போவது, இந்த அட்டையை நம்பின நிமிடத்திலேயே தீர்மானமாகிவிட்டது.

வேர்களைத் தோண்டப் போனபோது கிடைத்தது இன்னொரு ஆனந்தம். லத்தீன் 'இன்ஜேனியம்' என்பதன் அடியில் இருப்பது பிறப்பைச் சொல்லும் வேர். சமஸ்கிருதத்தின் 'ஜன்' அதற்கு உடன்பிறப்பு. ஜனனம், ஜன்மம் என்று நாம் வாங்கிப் புழங்குகிறோமே, அதே. ஆங்கில 'விட்' என்பதன் அடியில் இருப்பது அறிவைச் சொல்லும் வேர். அதற்கு உடன்பிறப்பு 'வித்'. வித்யா என்பதிலிருந்து நம் வாய்க்கு வந்தது வித்தை. ஆக, ஸ்பெயின்காரர் அந்த மனிதரைப் பிறவியால் மெச்சினார், ஷெல்டன் வித்தையால் மெச்சினார். 'வித்தைக்காரன்' என்று நம் ஊரில் ஒருவரைச் சொல்லும்போது கவனித்திருக்கிறீர்களா? அதில் வியப்பும் இருக்கும், 'ஏமாந்துவிடாதே' என்ற ஒரு சிறு எச்சரிக்கையும் இருக்கும். ஷெல்டனின் விட்டிக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிற சொல் நம்மிடம் இருக்கிறது என்று தெரிந்த அன்று தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்லலாமா என்று இருந்தது.

அந்த லத்தீன் தாயின் பிள்ளைகள் எங்கெல்லாம் போயிருக்கிறார்கள்! இன்ஜினியர் அதன் பிள்ளை. இன்ஜின் அதன் பிள்ளை. இன்ஜின் என்பதைச் சுருக்கி 'ஜின்' ஆக்கி, பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்துக்கு வைத்தார்கள். நம் பருத்தி ஊர்களின் ஜின்னிங் மில் அந்த வழியில் வந்தது. கியூபாவுக்குப் போனால் 'இன்ஹெனியோ' என்றால் கரும்பாலை. அங்கே திரினிதாத் ஊருக்குப் பக்கத்தில் இன்ஹெனியோக்களின் பள்ளத்தாக்கு என்றே ஓர் இடம் உண்டு; 1988-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வரைபடத்தில் அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது, மேதைகளின் பள்ளத்தாக்கு என்று நினைத்து ஒரு நிமிடம் மூச்சு நின்றது. கரும்பு பிழிந்த பள்ளத்தாக்கு என்று தெரிந்த பிறகும் ஆசை குறையவில்லை.

போன வருடம் மத்ரீத் போகிற பாக்கியம் கிடைத்தது. இரண்டரை நாள்தான். முதல் நாள் காலையே அத்தோச்சா தெருவுக்கு ஓடினேன். 87-ஆம் எண். ஹுவான் தெ லா குவெஸ்தாவின் அச்சகம் இருந்த இடம். சுவரில் செர்வாண்டெஸின் முகம் பதித்த பலகை இருக்கிறது. எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய எழுத்தில் அந்தச் சொல்லைக் கோத்த கை இந்த இடத்தில்தான் இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பின்னோக்கி அடுக்கி, அடுத்த வரியில் இடம் போதாமல் பெயரை உடைத்த கை. பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து விரித்து வைத்துக்கொண்டேன். மடிப்புக் கிழிந்து, ஓரம் கறுத்துப்போன அதே தாள். ஆறு வருடமாகக் கூடவே இருப்பது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் செர்வாண்டெஸைப் புதைத்த மடாலயம். அது இருக்கும் தெருவின் பெயர் லோபே தெ வேகா. லோபே தெ வேகா குடியிருந்த வீடு இருக்கும் தெருவின் பெயர் செர்வாண்டெஸ். ஒருவரையொருவர் சீண்டிக்கொண்ட இரண்டு எழுத்தாளர்களை இப்படி மாற்றி மாற்றிக் குடிவைத்திருக்கிறது அந்த ஊர். லோபேக்கு வழங்கிய பட்டம் 'இன்ஹெனியோக்களின் ஃபீனிக்ஸ்'. செர்வாண்டெஸுக்கு வழங்குகிற பட்டம் 'இன்ஹெனியோக்களின் இளவரசர்'. எங்கே திரும்பினாலும் என் சொல்!

சாயங்காலம் ஒரு பாரில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு பாட்டி, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் பீர் அட்டையை நாலாக மடித்து வைத்த பேரனைப் பார்த்து, "கே இன்ஹெனியோஸோ!" என்றார். அடடா, எவ்வளவு சமர்த்து என்கிற மாதிரி. நானூறு வருடம் தாண்டி அந்தச் சொல் உயிரோடு, ஒரு பாட்டியின் வாயில், கன்னத்தைக் கிள்ளுகிற தொனியில். அவர்களும் அதைக் கைவேலைப் பக்கம் சாய்த்துவிட்டார்கள்தான். பரவாயில்லை. அந்தப் பையனுடைய முகத்தில் வந்த பெருமையைப் பார்த்தேன்.

சொந்தமாக ஒரு சொல் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. 'ஃபயரி-விட்டட்' என்று ஒன்று. மூளையில் நெருப்புள்ளவர். சூடு வந்துவிட்டது, ஆனால் கோபக்காரர் மாதிரி ஒலிக்கிறது. 'ஹை-ராட்' (high-wrought) என்று ஒன்று வைத்துப் பார்த்தேன். பதற்றம் வந்தது, மெச்சல் போய்விட்டது. 'ஆர்டென்ட்' என்பதில் லத்தீன் வழியாக எரிதல் இருக்கிறது. ஆனால் காதலர்கள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். 'ஃபெர்டைல்' ரொம்ப ஈரம். ஹுவார்த்தே ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஒவ்வொரு சொல்லும் ஒரு பக்கத்தைத் தொட்டுவிட்டு மறுபக்கத்தை நழுவவிடுகிறது. அந்த நழுவலைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பேரின்பம். இப்போதைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருப்பது ஷெல்டனின் பழைய 'விட்டி'தான்.

எங்கள் வகுப்பு நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர மூன்று வருடம் பிடித்தது. டான் கிஹோத்தே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். காய்ச்சல். ஆறு நாள் படுக்கையில் கிடக்கிறார். பிறகு என்னைக் கொஞ்சம் தனியாக விடுங்கள், தூங்க வேண்டும் என்கிறார். ஒரே மூச்சில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறார். எழும்போது புத்தி தெளிந்திருக்கிறது. நான் பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தூக்கம் போய்த்தானே மூளை வற்றியது? தூக்கம் வந்ததும் ஈரம் திரும்பிவிட்டது! ஆயிரம் பக்கத்துக்கு அப்பால் போய் அந்தக் கணக்கை நேர் செய்கிறார் செர்வாண்டெஸ்.

தெளிந்த மனிதர் தன் பெயர் இனி டான் கிஹோத்தே இல்லை என்கிறார். ஆலோன்ஸோ கிஹானோ என்கிறார். ஊரார் தனக்கு வழங்கிய அடைமொழியையும் சொல்லிக்கொள்கிறார். எல் புவேனோ.

ப்ரோஃபே புத்தகத்தை மூடாமல் கவிழ்த்து வைத்தார். "இந்தப் பெயரடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள்" என்றார். இந்த முறை ஒரு வாரம் தரவில்லை. பதினோரு பேரும் பேனாவை எடுத்த வேகத்தில் கீழே வைத்தோம். எல்லாத் தாளிலும் ஒரே சொல், 'குட்'. அவர் ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்து, தலையசைத்து, அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, முகப்புப் பக்கத்தை எடுங்கள் என்றார்.